மினோபேயின் முத்திரை

உகாய் சானைப் பற்றி எழுதுவதென்றால் அவருடைய சனிக்கிழமைகளில்தான் ஆரம்பிக்க வேண்டும். பெயரோடு 'சான்' சேர்ப்பது எங்கள் ஊர் மரியாதை. ஒசாகாவில் மிகுரா மின்கருவி நிறுவனத்தின் விற்பனைக் கணக்குப் பிரிவில் இருபத்தொன்பது வருஷம் வேலை பார்த்தவர். அதில் பதினாறு வருஷம் எதிர் மேஜை என்னுடையது. எங்கள் நிறுவனம் டிவியும் மின்விசிறியும் செய்து வந்தாலும் எங்களுக்குச் சம்பளம் வந்தது 'கோமா' என்கிற கேம் பெட்டியால்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, எத்தனை கோமா விற்றது என்று ஊருக்கெல்லாம் அறிவிக்க வேண்டும். அந்த எண்ணைச் சரிபார்ப்பது உகாயின் வேலை.

மற்றவர்கள் கடைகளிலிருந்து வரும் தாளை நம்புவார்கள். இவர் சனிக்கிழமை தவறாமல் நிப்பொன்பாஷி கடைத்தெருவுக்குப் போய், அலமாரியில் எத்தனை, பின்னறையில் எத்தனை என்று விரல்விட்டு எண்ணிவிட்டு வருவார். கடைக்காரர்கள் முதலில் திருடனோ என்று பார்த்தார்கள், பிறகு டீ கொடுக்க ஆரம்பித்தார்கள். கல்யாணமான புதிதில் சினிமாவுக்கு என்று கூட்டிக்கொண்டு போய்ப் பெட்டி எண்ண வைத்துவிட்டார் என்று அவர் மனைவி கிமியே இன்றும் புலம்புவாள். இத்தனைக்கும் உகாய்க்குக் கோமாவில் விளையாடத் தெரியாது. முதல் கட்டத்திலேயே பள்ளத்தில் விழுந்து செத்துப்போவார்.

எண் எழுதிய தாளில் மூன்று கட்டங்கள் இருக்கும்: சரிபார்த்தவர், பிரிவுத் தலைவர், டைரக்டர். மூவரும் தங்கள் பெயர் முத்திரையைச் சிவப்பு மையில் வைக்க வேண்டும். இதில் எங்கும் எழுதப்படாத ஒரு மரியாதை உண்டு. கீழே இருப்பவர் முத்திரையைச் சற்றுச் சாய்த்து வைப்பார், டைரக்டரின் கட்டத்தைப் பார்த்துத் தலை குனிவதுபோல. டைரக்டருடையது மட்டும் நெட்டுக்குத்தாக நிற்கும். இந்தக் கூத்தை யார் ஆரம்பித்தார்களோ தெரியாது. நேராக வைத்தவனுக்குப் பதவி உயர்வு வந்து நான் பார்த்ததில்லை.

முன்பு எங்கள் பிரிவுத் தலைவராக இருந்த மினோபேயின் முத்திரை எல்லாருடையதையும்விட அதிகமாகச் சாய்ந்திருக்கும். இன்னும் கொஞ்சம் விட்டால் படுத்துத் தூங்கிவிடும் என்று நாங்கள் கேலி செய்வோம். கோபம் வராது அவருக்கு. முடியாது என்ற சொல்லும் வராது. நான்கு வருஷத்துக்கு முன் டைரக்டர் ஹத்தா கேட்டுக்கொண்டார் என்று, கிடங்கில் கிடந்த பெட்டிகளை விற்றதாகக் காட்டிய தாளில் முத்திரை வைத்தார். விஷயம் வெளியே வந்தபோது கேமராக்களுக்கு முன்னால் இடுப்பு மடிய வணங்கி நின்றது மினோபே ஒருவர்தான். ஹத்தா பின்னால் நின்று டையைச் சரிசெய்துகொண்டிருந்தார். அந்தக் குளிர்காலத்தில், வேலைக்கு வரும் வழியில், ரயில் நிலைய பெஞ்சில் உட்கார்ந்த மினோபே எழுந்திருக்கவில்லை. வயது ஐம்பத்து நான்கு. அவர் மனைவி ஃபுசாயே அந்த முத்திரையைச் சவப்பெட்டிக்குள் அவர் கையருகே வைத்ததை நான் பார்த்தேன். அவரோடு அதுவும் எரிந்து போனது.

வேலையில் இருக்கும்போதே செத்தவர்களுக்கு என்று, கோவில்களும் கல்லறைகளும் நிறைந்த கோயா மலையில் நிறுவனம் ஒரு நினைவுத் தூண் எழுப்பியிருக்கிறது. அதில் மினோபேயின் பெயரும் ஏறியது. ஒவ்வொரு ஏப்ரலிலும், ஆண்டு முடிவுகளை அறிவிக்கும் முன், எங்கள் பிரிவு மலையேறிப் போய் அந்தத் தூணின் முன் நின்று வருஷத்து வேலையைச் சொல்லிவிட்டு வரும். செத்தவர்களுக்கும் கணக்குச் சொல்லும் ஒரே அலுவலகம் நம்முடையதுதான் என்று நான் ஒருமுறை சொல்லப்போய், யாரும் சிரிக்கவில்லை.

போன ஏப்ரலில் உகாய் பெரிய சிக்கலில் இருந்தார். ஒரு கோடி கோமா விற்போம் என்று ஹத்தா ஊரறியச் சொல்லியிருந்தார். விற்றது தொண்ணூற்றாறு லட்சம். மார்ச் கடைசி வாரத்தில் நாலு லட்சம் பெட்டிகள் சகாய் துறைமுகத்துக் கிடங்கு ஒன்றுக்கு லாரி லாரியாகப் போயின. அவற்றையும் விற்றதில் சேர்த்து உகாய் முத்திரை வைக்க வேண்டும். வைத்தால் அடுத்த மினோபே அவர்தான். வைக்காவிட்டால், ஓய்வுக்கு இரண்டே வருஷம் இருக்கும்போது அவரை என்ன செய்வார்கள் என்று எங்களுக்குத் தெரியும். பத்து நாளாகத் தாளை மேஜையிலேயே வைத்துக்கொண்டு மனுஷன் சரியாகச் சாப்பிடவில்லை.

மலையில் தூறல். எல்லாரும் வணங்கிவிட்டு நகர்ந்தார்கள். உகாய் குடையோடு தூணின் முன்னால் நின்றார். நான் பக்கத்தில் நின்றேன். பாதி எரிச்சலும் பாதி விளையாட்டுமாக அவர் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

"மினோபே சான், இந்த மாதிரி வேலைக்கெல்லாம் நீங்கதான் சரி. இந்தத் தடவையும் நீங்களே பார்த்துக்கங்க."

நான் சிரித்துவிட்டேன். வேறு யாரிடம் வேண்டுமானாலும் அப்படிச் சொல்லியிருக்கலாம். கொடுத்த வேலையை ஒரு நாளும் தட்டாத மனுஷனிடம் சொல்லியிருக்கக் கூடாது.

எங்கள் அலுவலகத்தில் மதியம் பன்னிரண்டு முதல் ஒன்று வரை மின்சாரம் மிச்சம் பிடிக்க விளக்குகளை அணைத்துவிடுவார்கள். பாதிப் பேர் வெளியே சாப்பிடப் போவார்கள், மீதிப் பேர் மேஜையில் தலை வைத்துத் தூங்குவார்கள். மறுநாள் மதியம் அந்த அரை இருட்டில் நான் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தேன். தலைவர் இடத்துக்கு அதன்பின் யாரையும் போடாததால், அறை மூலையில் மினோபேயின் பழைய மேஜை காலியாகக் கிடக்கும். அங்கிருந்து மைப்பெட்டியின் மூடி திறக்கிற சத்தம் வந்தது. பிறகு ஒரு மூச்சு. முத்திரை தெளிவாக விழ வேண்டும் என்று அதன் முகத்தில் வாயால் ஆவி ஊதுவார்களே, அந்த மூச்சு. பிறகு தாளில் எதையோ நிதானமாக அழுத்துகிற சத்தம். திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. சோற்றை மென்றுகொண்டே உட்கார்ந்திருந்தேன்.

ஒரு மணிக்கு விளக்கு வந்தது. உகாயின் மேஜையிலிருந்த தாள் இப்போது அந்தப் பழைய மேஜையில் இருந்தது. தொண்ணூற்றாறு லட்சத்தை அளவுகோல் வைத்து இரண்டு கோடுகளால் அடித்து, மேலே ஒரு கோடி என்று பென்சிலில் எழுதியிருந்தது. பிரிவுத் தலைவரின் கட்டத்தில் மினோபேயின் முத்திரை, கிட்டத்தட்டப் படுத்தபடி. உகாய் விரலால் தொட்டார். மை ஈரமாக இருந்தது.

யாராவது விளையாடினீர்களா என்று ஒவ்வொருவரிடமும் மெதுவாகக் கேட்டார். யாரும் இல்லை. தாளை எடுத்துக்கொண்டு நேரே ஹத்தாவின் அறைக்குப் போனார், நானும் போனேன். இதைப் பார்த்தால் டைரக்டர் வெலவெலத்துப் போவார், இந்தப் பொய் எண்ணோடு எல்லாம் நின்றுவிடும் என்று நாங்கள் இரண்டு பேருமே நினைத்தோம். ஹத்தா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு தாளைப் பார்த்தார்.

"மினோபே முத்திரை இருக்கே. போதும்."

மினோபே செத்து மூன்று வருஷத்துக்கு மேலாகிறது என்று உகாய் நினைவுபடுத்தினார். ஹத்தா தன் முத்திரையை எடுத்து நெட்டுக்குத்தாக வைத்துக்கொண்டே பதில் சொன்னார்.

"அவர் என்னைக்குமே முடியாதுன்னு சொன்னதில்ல, உகாய் சான். உங்களுக்குத்தான் அந்தப் பழக்கம்."

எனக்கு அன்று பேயைவிட அந்த ஆளைப் பார்த்துத்தான் அதிகம் பயமாக இருந்தது.

மே மாதம் ஒரு கோடி என்று அறிவித்தார்கள். பங்கு விலை ஏறியது, ஹத்தா எல்லாருக்கும் விலாங்கு மீன் சோறு வாங்கித் தந்தார். உகாய் தொடவில்லை. அதற்குப் பிறகு அவருக்கு வேலையே இல்லாமல் போனது. வாராந்திரத் தாள்களும் மதியத்துக்குள் எண் திருத்தி, முத்திரை விழுந்து தயாராக இருந்தன. மற்றவர்களும் பழகிவிட்டார்கள். சந்தேகம் இருக்கும் தாளை இரண்டு பேர் தாங்களாகவே அந்த மேஜையில் கொண்டுபோய் வைக்க ஆரம்பித்தார்கள். அதுவும் கீழே விழுந்துவிடாதபடி, மரியாதையாக, இரண்டு கையாலும்.

ஜூன் மழையில் உகாய் மினோபேயின் வீட்டுக்குப் போனார். ஊதுவத்தி ஏற்றி வணங்கிவிட்டு வரலாம் என்றுதான் போனார். டீ ஊற்றிக்கொண்டே ஃபுசாயே சொன்னதை மறுநாள் என்னிடம் சொன்னார். ஏப்ரலிலிருந்து காலையில் வாசற்படியில் காலணி மாட்டுகிற சத்தம் கேட்கிறதாம். ஏழே காலுக்குக் கதவின் கொக்கி எழும்பி விழுகிறதாம். உயிரோடு இருந்தபோது அவர் கிளம்புகிற அதே நேரம். ராத்திரி திரும்பி வருகிற சத்தம் மட்டும் ஒரு நாளும் கேட்கவில்லையாம்.

"மூணு வருஷமா நிம்மதியாத் தூங்கிட்டிருந்தார், உகாய் சான். யாரு எழுப்பினாங்க?"

அன்று முதல் உகாய்க்குத் தன் ஓய்வூதியமும் மறந்துபோனது, ஹத்தாவும் மறந்துபோனார். தூங்கிய மனுஷனை எழுப்பி வேலைக்கு அனுப்பிவிட்டோம், திரும்பப் படுக்க வைக்க வேண்டும். அது ஒன்றே குறியாக இருந்தார்.

யோசித்து யோசித்து, எங்கள் ஊர் ஆசாமிக்குத் தோன்றக்கூடிய ஒரே வழி அவருக்கும் தோன்றியது. மினோபேயின் பெயரில் அழகான கையெழுத்தில் ஒரு ராஜினாமாக் கடிதம் எழுதினார். சொந்தக் காரணங்களுக்காக விலகுவதாக, எல்லாரும் எழுதுகிற அதே வாசகம். முத்திரைக்கு இடம் விட்டு, பன்னிரண்டு மணிக்குப் பழைய மேஜையில் வைத்தார். அன்று நாங்கள் இரண்டு பேரும் சாப்பிடப் போகவில்லை. விளக்கு அணைந்தது. மைப்பெட்டி திறக்கவே இல்லை. பென்சில் மட்டும் தாளில் கொஞ்ச நேரம் உரசியது.

ஒரு மணிக்குப் போய்ப் பார்த்தோம். கடிதத்தில் தேதியை நிறுவன வழக்கப்படி திருத்தியிருந்தது. முத்திரைக்கான இடத்தில் பென்சிலால் பொடி எழுத்தில் ஒரு வரி: 'இந்தக் காலாண்டு முடியட்டும்.'

நாங்கள் எல்லாரும் வருஷக்கணக்காகச் சொல்லி வருகிற வரிதான் அது. நான் என் அம்மாவின் அறுவை சிகிச்சையின்போது சொன்னேன். உகாய் தன் மகள் கல்யாணத்தின்போது சொன்னார். இப்போது அவர் ரப்பரால் அந்த வரியை அழித்தார், மினோபேயின் பெயரை அடித்துத் தன் பெயரை எழுதினார், தன் முத்திரையை வைத்தார். அது எந்தப் பக்கம் சாய்ந்தது என்று அவரே பார்க்கவில்லை.

இரண்டே வருஷம்தானே, பொறுத்துக்கொள்ளக் கூடாதா என்று ஹத்தா கேட்டார். அந்த மனுஷரிடம் உகாய் முதலும் கடைசியுமாக மனசு விட்டுப் பேசியது அன்றுதான்.

"இங்க இருக்கும்போது செத்தா இங்கயே இருக்க வேண்டியதாயிடும், டைரக்டர். எனக்கு வீட்டுக்குப் போகணும்."

அடுத்த வாரம் ஒரு வினோதம் நடந்தது. பழைய மேஜையில் வைத்த தாள்கள் வைத்தபடியே கிடந்தன. செவ்வாய், புதன், வியாழன், எதிலும் முத்திரை இல்லை. ஹத்தா என்னைக் கூப்பிட்டு வைக்கச் சொன்னார். நான் முத்திரையை வீட்டில் மறந்துவிட்டேன் என்றேன். மற்றவர்களும் ஆளுக்கொரு சாக்குச் சொன்னார்கள். கிடங்குப் பெட்டிகளை மூடி மறைக்கும் தாள்களில் முத்திரை வைக்க ஆளில்லாமல், கடைசியில் நாலு லட்சம் பெட்டிகளைக் கணக்கிலிருந்து எடுத்து, திருத்திய எண்ணை வெளியிட வேண்டியதாயிற்று. இந்த முறை கேமராக்களுக்கு முன்னால் குனிந்தது ஹத்தா.

உகாய் என்ன செய்தார் என்று தெரிந்துகொள்ள அடுத்த திங்கட்கிழமை லீவு போட்டேன். பதினாறு வருஷத்தில் காரணம் சொல்லாமல் நான் போட்ட முதல் லீவு. உகாயின் மனைவி கிமியேவிடம் விசாரித்து, காலை ஏழு மணிக்கு மினோபேயின் வீட்டுக்குப் போனேன். வாசற்கதவுக்கு உள்ளே, காலணி கழற்றுகிற குறுகலான படியில், அந்த அகலம் முழுவதையும் அடைத்துக்கொண்டு, கதவுக்கு முதுகைக் கொடுத்து உகாய் உட்கார்ந்திருந்தார். கையில் டீக் கோப்பை. வேலையை விட்ட நாளிலிருந்து தினமும் ஆறரைக்கே வந்துவிடுகிறாராம். நான் ஒரு ஓரமாக ஒண்டிக்கொண்டேன்.

ஏழு பத்துக்கு உள் நடையில் மரப்பலகை முனகியது. யாரும் இல்லை. காலடிகள் மட்டும் வந்தன, அவசரமில்லாமல், தினசரி நடக்கிற நடை. படிக்கு வந்ததும் நின்றன. காலணி மாட்டுகிற கொம்பு ஆணியில் ஒருமுறை ஆடியது.

உகாய் எழுந்து தலை குனிந்தார். பிறகு திரும்ப உட்கார்ந்துகொண்டார்.

"நான்தான் வரச் சொன்னேன், மினோபே சான். தப்பு என்னோடது. இன்னைக்கு ஆபீஸ் வேண்டாம். நாளைக்கும் வேண்டாம்."

ஏழே காலும் தாண்டி ஏழு இருபது. தெருமுனைக்கு அப்பால் ரயில் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. படியில் அசைவில்லை. அரை நிமிஷம் நின்ற ரயில், கதவுகளை மூடிக்கொண்டு, அவர் இல்லாமலே கிளம்பிப் போனது. காலடிகள் கொஞ்ச நேரம் என்ன செய்வதென்று தெரியாததுபோல் அங்கேயே மாறி மாறி மிதித்தன. பிறகு மெதுவாக உள்ளே திரும்பின.

சமையலறையில் ஃபுசாயே தண்ணீர்க் குழாயை மூடினாள். அவர்களுக்குக் கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். அதில் ஒரு வேலைநாளில்கூட அவள் அவரிடம் இதைக் கேட்டிருக்க முடியாது. யாருமில்லாத நடையைப் பார்த்து, வெகு சாதாரணமாகக் கேட்டாள்.

"அப்போ மதியம் வீட்லதானே சாப்பாடு?"

அவள் இன்னொரு பிடி அரிசி அள்ளிப் போட்டுக் களைய ஆரம்பித்தாள். உகாய் கோப்பையை வைத்துவிட்டு முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு அழுதார்.