லுட்விக் ஏறிய நிமிடங்கள்

மர அறுவை ஆலையில் முப்பத்தெட்டு வருடம் மேஸ்திரியாக இருந்தவர் லுட்விக் ஒஸோல்னிக். அறுபத்தேழாம் வயதில், பிப்ரவரி பதினொன்றாம் தேதி காலை, வாசல் பனியை அள்ளிக்கொண்டிருக்கும்போது அவருக்கு மாரடைப்பு வந்தது. அடைத்த இதயக் குழாய்களை விரித்து இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். கண் விழித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, லிஸ்னா குன்றை மறுபடி எப்போது ஏறலாம் என்பது.

ஸ்லோவேனியாவில் அப்படிக் கேட்பதை யாரும் விசித்திரமாக நினைப்பதில்லை. லிஸ்னாவின் உச்சியில் ஒரு தகரப் பெட்டி உண்டு. அதற்குள் தடித்த நோட்டும் கயிற்றில் கட்டிய பென்சிலும் இருக்கும். ஏறியவர் தன் பெயர், தேதி, கீழே புறப்பட்ட நேரம், மேலே சேர்ந்த நேரம் எல்லாம் எழுத வேண்டும். வருடக் கடைசியில் மலைச் சங்கம் எண்ணிப் பார்த்து, அதிகம் ஏறியவருக்குக் கைதட்டும். ஐந்து வருடமாக அந்தக் கைதட்டல் லுட்விக்குக்குத்தான். போன வருடம் மட்டும் 211 முறை ஏறியிருந்தார்.

இப்போது அவர், மாரடைப்பு வந்தவர்கள் சேர்ந்து பயிற்சி செய்யும் ஊரின் இதயக் குழுவில் ஓர் உறுப்பினர். வியாழன்தோறும் பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தில் பதினான்கு பேர் கையைத் தூக்கி இறக்குவார்கள். நடத்துபவர் ஓய்வுபெற்ற நர்ஸ் தாரின்கா. ஆளுக்கொரு அட்டை கொடுத்திருந்தார். நடக்கப்போகும் நாளெல்லாம் நாடித் துடிப்பு அதிகபட்சம் எவ்வளவு போனது என்று அதில் எழுத வேண்டும்.

"உங்களுக்கு நூத்திப் பத்து, ஒஸோல்னிக். அதுக்கு மேல போனா நில்லுங்க. குன்று எங்கயும் ஓடிப்போயிடாது," என்றார் தாரின்கா.

ஜூன் மாதம் லுட்விக் குன்றேறத் தொடங்கினார். உச்சியில் கழுத்தில் விரல் வைத்து எண்ணினால் நூற்று முப்பதுக்கு மேல் இருக்கும். வீட்டுக்கு வந்து அட்டையில் 108 என்று எழுதுவார். குன்றேறும் நாட்களில் துடிப்பைக் குறைக்கும் காலை மாத்திரையை விழுங்குவதில்லை. அதைப் போட்டால் கால்கள் ஈர மரக்கட்டையாகக் கனத்தன.

அக்டோபர் பன்னிரண்டாம் தேதி நோட்டு நிரம்பிவிட்டது. லுட்விக் புதியதை வைத்துவிட்டுப் பழையதைக் கொண்டுவந்தார். நோட்டு நிரம்பும்போதெல்லாம் சங்கத்துக்கான எண்ணிக்கை அவர் வீட்டுச் சமையலறையில்தான் நடக்கும். மனைவி மர்யேதா முழங்கால் வலியால் குன்றேறுவதில்லை. அவள் பெயர்களை வாசிக்க, அவர் கோடு போடுவார். இதயக் குழுவின் இன்னொரு உறுப்பினரான பக்கத்து வீட்டு போயன் வேடிக்கை பார்க்க வந்து, கொழுப்பில்லாத சூப்பைக் குறை சொல்லிக்கொண்டே இரண்டாவது கிண்ணம் குடித்தார்.

"ஒஸோல்னிக், ஆகஸ்ட் மூணு. ஆறு நாப்பது, ஏழு இருபத்தொண்ணு." மர்யேதா வாசிப்பதை நிறுத்தினாள். குளிர்பெட்டியில் ஒட்டியிருந்த அட்டையைத் திரும்பிப் பார்த்தாள். "நாப்பத்தொரு நிமிஷம். துடிப்பு நூத்தியெட்டு. நீ என்ன மலை ஆடா?"

"மெதுவாத்தான் போனேன்."

"மெதுவாவா!" போயன் சிரித்தார். "நான் ஆத்தோரமா சமதரையில நடந்தாலே நூத்திப் பத்து வருது. டேய், உனக்கு மட்டும் ஸ்டென்ட்டுக்குப் பதிலா டீசல் எஞ்சின் வச்சுட்டாங்களா?"

திட்டு விழும் என்று லுட்விக் தலையைக் குனிந்துகொண்டார். விழவில்லை. மர்யேதா பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அவள் குரல் தணிந்தது.

"செப்டம்பர் பத்து, நாப்பத்தி நாலு. இருபத்தி நாலு, நாப்பத்தொம்போது. அக்டோபர் ஆறு..." விரலால் கூட்டிப் பார்த்தாள். "அம்பத்தேழு. லுட்விக், உனக்கு என்ன செய்யுது?"

"ஒண்ணுமில்ல. வழியெல்லாம் ஈர இலை. வயசும் ஆகுதுல்ல."

"ரெண்டு மாசத்துல பதினாறு நிமிஷமா வயசாகுது?"

லுட்விக் பென்சிலை மேசையில் வைத்தார். அட்டையில் எந்த எண்ணை எழுதவும் அவர் கை கூசியதில்லை. ஆனால் குன்றின் நோட்டில் ஒரு நிமிடத்தைக்கூடக் குறைத்து எழுதலாம் என்ற நினைப்பே அவருக்கு வந்ததில்லை. தன்னிடமே மறைத்துக்கொண்டதை அங்கேதான் தன் கையெழுத்தில் எழுதி வைத்திருந்தார்.

"ஏறுற வழியில நாலாவது பெஞ்சுகிட்ட நெஞ்சை அழுத்துச்சு," என்றார் கடைசியில். "யாரோ முழங்காலை ஊன்றின மாதிரி. நின்னா போயிடும். அப்புறம் ரெண்டாவது பெஞ்சுலயே வர ஆரம்பிச்சுது."

"மாத்திரை?"

"ஏறுற நாள்ல போடல."

"முட்டாப்பயலே," என்றார் போயன். இப்போது அவர் சிரிக்கவில்லை.

மர்யேதா நோட்டை மூடினாள். "இன்னிக்கு?"

லுட்விக் ஜன்னலைப் பார்த்தார். "இன்னிக்கு நம்ம வாசப்படியில வந்துச்சு. இன்னும் போகல."

அவள் ஏற்கெனவே தொலைபேசியை எடுத்திருந்தாள். போயன் லுட்விக்கின் காலணியைக் கழற்றி, நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்தார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் லுட்விக் மூச்சு வாங்கிக்கொண்டே உண்மைத் துடிப்புகளைத் தேதியோடு சொன்னார். ஆகஸ்ட் மூன்று, நூற்று முப்பத்தொன்று. செப்டம்பர் பத்து, நூற்று முப்பத்தாறு. ஒன்றும் மறக்கவில்லை. மர்யேதா ஒவ்வொரு 108-ஐயும் அடித்துவிட்டு எழுதினாள். பென்சில் இரண்டு முறை முறிந்தது.

வண்டியில் ஏற்றும்போது அவர் முகம் சாம்பல் நிறமாக இருந்தது. அவள் கையைப் பிடித்தார்.

"மணி என்ன?"

"நாலு பன்னெண்டு."

"எழுதிக்கோ."

ஓடும் வண்டியில் உட்கார்ந்து, அட்டையின் பின்பக்கத்தில் அவள் அவர் பெயரையும் தேதியையும் புறப்பட்ட நேரத்தையும் எழுதினாள். பக்கத்தில், சேரும் நேரத்துக்கு இடம் விட்டாள்.