கோச் மேடத்தின் மேல் வந்த புகார்

கர்த்தருக்குள் என்னோடு முழங்கால் போடுகிற உங்களுக்கு அரிமளத்திலிருந்து எழுதுகிறேன். நான் மோட்டார் காயில் கட்டிப் பிழைக்கிறவன். எட்டாவது வரைதான் படிப்பு. என் மனைவி செல்வராணி புதுக்கோட்டையில் ஒரு பெண்கள் கல்லூரியில் வாலிபால் கோச்.

போன மார்ச் மாதம் அவள் வேலை போகிற நிலைக்கு வந்துவிட்டது. பதினோரு வருடம் தற்காலிக வேலை பார்த்தவள். பள்ளிக்கூடத்தில் வெறுங்காலோடு ஆட ஆரம்பித்து, மாவட்டத்துக்கு ஆடி, பல்கலைக்கழகத்துக்கு ஆடி, முழங்கால் கெட்டுப்போன பிறகு விசிலைக் கையில் எடுத்தவள். அவளிடம் பழகிய பிள்ளைகள் இன்றைக்குப் போலீஸில் இருக்கிறார்கள், ரயில்வேயில் இருக்கிறார்கள். இந்த வருடம்தான் அவளை நிரந்தரமாக்கப் பேப்பர் நகர்ந்தது. அந்த நேரம் பார்த்துக் கல்லூரிக்குப் பெயர் போடாத ஒரு கடிதம் வந்தது. மேட்ச் என்று சொல்லிப் பிள்ளைகளை வெளியூருக்குக் கூட்டிப்போய் எங்கெங்கோ தங்க வைக்கிறாளாம், நடத்தை சரியில்லையாம். பேப்பர் நின்றது. விசாரணை முடியும்வரை மைதானத்துக்கு வர வேண்டாம் என்றார்கள்.

ராணி அழவில்லை. சாயங்காலம் நாலரை மணி, பயிற்சி தொடங்குகிற நேரம் வந்தால் அடுப்படியில் சும்மா நிற்பாள். அதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

யார் செய்தது? இந்த ஒரே கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. அவளோடு பஸ்ஸில் வருகிற வேறொரு கோச்சைச் சந்தேகப்பட்டேன். ஹாஸ்டல் வார்டனைச் சந்தேகப்பட்டேன். என் கடைக்கு வருகிறவர் "மேடம் நல்லாருக்காங்களா" என்று கேட்டால்கூட, இவர் எதற்குக் கேட்கிறார் என்று தோன்றும். எல்லாரையும்விட முத்துக்கருப்பன் மேல்தான் எனக்குச் சந்தேகம். விராலிமலையில் பூ விற்கிறவர். ஜனவரியில் தஞ்சாவூரில் நடந்த போட்டியில் அவர் மகளை ராணி ஆட விடாமல் உட்கார வைத்துவிட்டாள்.

மூன்று வெள்ளி உபவாசம் இருந்தேன். "ஆண்டவரே, எழுதின கையைக் காட்டும்" என்பதுதான் என் ஜெபம். அவள் வேலையைக் காப்பாற்றும் என்றுகூட அவ்வளவு கேட்கவில்லை. ஆள் யாரென்று தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

மூன்றாவது வெள்ளிக்கு மறுநாள் விராலிமலைக்கே போய்விட்டேன்.

"மகள உக்கார வச்ச கோவத்துல எழுதிப்புட்டீங்களாண்ணே?"

முத்துக்கருப்பன் பூவைக் கீழே வைக்காமல் நிமிர்ந்து பார்த்தார். "எழுதுறதா? நான் போடுற கையெழுத்தே கோணல்மாணலா இருக்கும். வெயில்ல வந்திருக்கீங்க தம்பி. தலையில தண்ணிய ஊத்திட்டுப் போங்க."

பக்கத்துக் கடைக்காரர் சிரித்தார். கேலி பேசி மழுப்புகிற முத்துக்கருப்பன்தான் செய்திருப்பார் என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறினேன்.

அடுத்த வாரம் விசாரணை. என்னையும் வரச் சொன்னார்கள். கல்லூரி முதல்வர் அம்மா கடிதத்தை வாசித்தார். நடுவில் ஒரு இடம்: "இவருடைய கணவரே, வீட்டைவிட அவளுக்குப் பந்துதான் பெரிசு, பிள்ளைகளோடு எங்கே தங்குகிறாளோ எனக்கே தெரியாது என்று அழுதுகொண்டு சொல்கிறார்."

அது என் வார்த்தை.

ராணி தஞ்சாவூர் போயிருந்த அந்த வெள்ளிக்கிழமை, எங்கள் தெருவில் வீட்டு ஜெபக் கூட்டம். ஜெபக் குறிப்பு உண்டா என்று ஒவ்வொருவராகக் கேட்டுவந்தார்கள். நானே சோறு வடித்துவிட்டு வந்த எரிச்சல் எனக்கு. தங்குகிற இடத்தை அவள் காலையிலேயே சொல்லியிருந்தாள். நான் காதில் வாங்கவில்லை. ஜெபத்துக்குத்தானே சொல்கிறோம் என்று எல்லார் முன்னாலும் அழுது கொட்டிவிட்டேன். இருபது பேர் கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொன்னார்கள். அது எத்தனை வீடு ஏறி இறங்கிக் கடிதமானதோ! எழுதின கையை ஆண்டவர் எனக்குக் காட்டவில்லை. சொன்ன வாயைக் காட்டினார்.

எழுந்து நின்றேன். "அம்மா, அது நான் சொன்னதுதான். பொய்ங்க. தங்குற எடத்தச் சொல்லாம அவ ஒரு நாளும் போனதில்ல. சோறாக்க வேண்டி வந்துருச்சேங்குற கோவத்துல கூட்டத்துல பொலம்பிட்டேன்."

ராணி என் பக்கம் திரும்பவே இல்லை.

பிறகு பிள்ளைகளின் பெற்றோரைக் கூப்பிட்டார்கள். முதலில் உள்ளே வந்தவர் முத்துக்கருப்பன். எனக்குத் தலை குனிந்துவிட்டது.

"எம் மகளுக்கு முழங்கால் வீங்கிருச்சுங்க. இப்ப ஆடுனா ஆயுசுக்கும் நொண்டணும்னு மேடம் எங்க வீட்டுக்கே வந்து சொன்னாங்க. தங்குன எடத்துலருந்து ஒவ்வொரு பிள்ளையையும் வீட்டுக்குப் போன்ல பேச வச்சாங்க. இவுகள நிறுத்துனா எம் மகளும் பந்தத் தொட மாட்டா."

மற்றவர்களும் அதையே சொன்னார்கள். திங்கட்கிழமை ராணி மைதானத்துக்குப் போனாள். ஜூனில் நிரந்தர ஆணை கையில் வந்தது.

விசாரணை முடிந்த அன்று ஊரில் பஸ் இறங்கினதும் ராணி சொன்னாள்: "இனிமே ஜெபக் குறிப்பு இருந்தா மொதல்ல எங்கிட்ட சொல்லுங்க. நான் ஜெபம் பண்ண மாட்டேனா?"

அடுத்த வெள்ளி அதே வீட்டில், அதே இருபது பேர் முன்னால் எழுந்து நின்று, நான் சொன்னது பொய் என்று அறிக்கையிட்டேன். கடிதம் எழுதினவர் அங்கே இருந்திருக்கலாம். யார் முகத்தையும் நான் தேடவில்லை. விராலிமலைக்கும் போய் மன்னிப்புக் கேட்டேன். "தண்ணி ஊத்திக்கிட்டீங்களா தம்பி?" என்றார் முத்துக்கருப்பன். இப்போது மேட்ச் நாட்களில் சோறு வடிப்பது நான்தான். வடித்துக்கொண்டே அந்தப் பிள்ளைகளின் பெயரைச் சொல்லி ஜெபிக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கேள்வி இருந்தால், பயப்படாமல் ஆண்டவரிடமே கேளுங்கள். நிச்சயம் காட்டுவார். காட்டுகிற இடம் உங்கள் பக்கமாக இருந்தாலும் எழுந்து நில்லுங்கள். அப்படி நின்றபோதுதான் அவர் என் வீட்டைக் காப்பாற்றினார். அவருக்கே நன்றி.