உளுந்து மேல் போட்ட பிரேக்

பங்குனி மாதம் எங்கள் ஊர் ரோட்டில் வண்டி ஓட்டுகிறவருக்கு ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: உளுந்து மேல் பிரேக் போடக் கூடாது. சம்பா அறுப்புக்கு முன்பே வயலில் தெளித்துவிட்ட உளுந்து, பங்குனியில் காய் முற்றி உலர்ந்து நெத்தாகிவிடும். செடியைப் பிடுங்கி வந்து தார் ரோட்டின் குறுக்கே மெத்தை மாதிரி பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற பஸ்ஸும் லாரியும் ஏறி மிதித்து நெத்தை உடைத்துக் கொடுத்துவிட்டுப் போகும். போலீஸ்காரர்கள் வந்து சத்தம் போட்டால் இரண்டு நாள் ஓரமாகப் பரப்புவார்கள், மூன்றாம் நாள் பழையபடி நடுரோடுதான். அந்தச் செடி வழுக்கும். அதனால் வேகத்தைக் கூட்டாமல் குறைக்காமல் ஒரே சீராக ஏறிப் போய்விட வேண்டும். பின்னால் வருகிறவரும் முன்னால் போகிறவர் நிற்க மாட்டார் என்று நம்பித்தான் வருவார்.

என் வீட்டுக்காரருக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாற்பது வருஷமாக டிராக்டர் ஓட்டியவர். ஓட்டை ஜீப் ஒன்று வைத்திருந்தார், அதில் தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் என்னை ஏற்றிக்கொண்டு போய் என் இடுப்பைக் கழற்றியிருக்கிறார். ஆனால் ஒரு கோழிக்குஞ்சைக்கூட அடித்ததில்லை. அந்தப் பெருமை அவருக்கு உண்டு. வெளியில் காட்டிக்கொள்ள மாட்டார், யாராவது எங்காவது மோதிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டால் மட்டும் "ம்ம்" என்பார். அந்த "ம்ம்"மில் எல்லாம் இருக்கும்.

போன வருஷம் மகன் பிடிவாதம் பிடித்து மின்சாரக் கார் வாங்க வைத்தான். அவன் இருப்பது சென்னையில், கவலைப்படுவது போனில். "அம்மா, குறுக்க எது வந்தாலும் தானா பிரேக் போடும்மா. அப்பாவுக்கு வயசாவுதுல்ல" என்றான். சத்தமே இல்லாத வண்டி. எதற்கெடுத்தாலும் கீச் கீச்சென்று மணி அடிக்கும். பெல்ட் போடாவிட்டால் மணி, கதவு சரியாகச் சாத்தாவிட்டால் மணி. எனக்கு என் பள்ளிக்கூடம் ஞாபகம் வந்தது. முப்பத்திரண்டு வருஷம் நடுநிலைப் பள்ளியில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான்.

அந்தப் பங்குனியில் ஒரு காலை, கல்யாண விசேஷம் ஒன்றுக்குக் கும்பகோணம் கிளம்பினோம். ஊர் எல்லை தாண்டவில்லை. உளுந்துச் செடி பரப்பியிருந்த இடத்தில் ஏறி, செடி சற்று உயரமாகக் கிடந்த பக்கத்தை நெருங்கியபோது மணி அடித்தது. அடுத்த நொடி கார் அடித்து நிறுத்தியது போல் நின்றது. என் நெற்றி முன்னால் போய்த் திரும்பி வந்தது. பின்னால் ஒரு சத்தம். எங்கள் ஊர் சுகாதார நிலையத்து நர்ஸ், ஸ்கூட்டரில் வந்தவள், காரின் பின்பக்கம் மோதி உளுந்துச் செடி மேல் விழுந்து கிடந்தாள். வலது மணிக்கட்டு எலும்பு உடைந்திருந்தது. ஊரில் பாதிக் குழந்தைகளுக்கு ஊசி போட்ட கை.

கூட்டம் கூடிவிட்டது. அவர் இறங்கி, முகம் வெளுத்து, "நான் அமுக்கல. அதுவா நின்னுடுச்சு" என்றார்.

"காரு எப்புடிங்க அதுவா நிக்கும்?" என்று ஒருவர் கேட்க, இன்னொருவர், "உளுந்து மேல போயி பிரேக் போட்டீங்களா! மெட்ராஸ்காரனா நீங்க?" என்று சிரித்தார். அந்தப் பெண் வலியில் அழுதுகொண்டிருக்கிறாள். இவர் மறுபடி மறுபடி "நான் அமுக்கலங்க" என்கிறார். எனக்கு மானம் போயிற்று. கோபம் வந்தது. அடிபட்டவள் முன்னால் நின்று காரின் மேல் பழி போடுகிறாரே என்று பட்டது.

"சும்மா இருங்க. நான் பாத்தேன். நீங்கதான் அமுக்குனீங்க" என்றேன்.

நான் பார்க்கவில்லை. தங்கை அனுப்பிய கிரகப்பிரவேசப் போட்டோக்களைப் போனில் தள்ளிக்கொண்டிருந்தேன். ஆனால் வகுப்பில் முப்பத்திரண்டு வருஷம் பழகிய வாய். சாக்பீஸைத் திருடியது யார் என்று தெரியாதபோது, யார் மேல் சந்தேகமோ அவனைப் பார்த்து "நான் பாத்தேன்டா" என்பேன். பாதி நேரம் அவன்தான் எடுத்திருப்பான். மீதி நேரம் என்ன ஆயிற்று என்று நான் யோசித்ததே இல்லை.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து தன் காலைப் பார்த்தார். நர்ஸ் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டு, "என் தப்புதாம்மா" என்றார்.

தஞ்சாவூர் ஷோரூமில் காரை விட்டுக் காட்டினோம். கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்துவிட்டு, "வண்டியில ஒண்ணும் இல்ல மேடம்" என்றார்கள். எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. சொன்ன பொய் உண்மையாகிவிட்டது என்றே நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவர் காரைத் தொடவில்லை. நல்லதாய்ப் போயிற்று என்று நானும் இருந்தேன். டவுன் பஸ்ஸில் போய் வந்தோம். ஆனால் அதோடு நிற்கவில்லை. பம்ப்செட் சுவிட்சைப் போட்டுவிட்டு வந்து, "போட்டேனா?" என்று திரும்பிப் போய்ப் பார்ப்பார். கேஸை அணைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டு, "அணைஞ்சிருக்கா பாரு" என்பார். ஆவணியில் சம்பாவுக்கு உழவு தொடங்கியபோது, டிராக்டர் வீட்டில் நிற்க, ஓட்டுவதற்கு வெளியூர் ஆள் ஒருவரைச் சொல்லிவிட்டு வந்தார். "ஏங்க?" என்றேன். "காலு எப்ப என்ன பண்ணும்னு தெரியல" என்றார். சோற்றைப் பிசைந்துகொண்டே சாதாரணமாகத்தான் சொன்னார். மனிதர் கண் முன்னால் சுருங்கிக்கொண்டிருந்தார்.

அந்த வாரம்தான் கார் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. எங்கள் மாடல் கார்கள் எல்லாவற்றையும் திரும்ப அழைக்கிறார்களாம். சாலையில் கிடக்கும் தாழ்வான பொருள்களைத் தடை என்று தவறாக நினைத்துக்கொண்டு தானியங்கி பிரேக் தேவையில்லாமல் இயங்கக்கூடும், சாஃப்ட்வேரை மாற்ற வேண்டும், சிரமத்துக்கு வருந்துகிறோம். நான் அதை அடுப்படியில் நின்றுகொண்டு மூன்று தடவை படித்தேன். முதல் தடவை கம்பெனிக்காரர்கள் மேல் ஆத்திரம் வந்தது. உங்கள் வருத்தத்தை வைத்து உடைந்த எலும்பு கூடுமா என்று கத்த வேண்டும் போலிருந்தது. மூன்றாம் தடவை படித்தபோது ஆத்திரம் இல்லை, அன்றைக்கு ரோட்டில் நான் சொன்னதை நினைத்துப் பயம்தான் இருந்தது.

ஆனாலும் சந்தோஷமாகவே ஓடினேன். இதைக் காட்டினால் போதும், மனிதர் பழையபடி ஆகிவிடுவார், என் பொய் பேச்சோடு பேச்சாகக் கரைந்துவிடும் என்று ஒரு கணக்கு. வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். படித்துக் காட்டினேன்.

"இன்னொரு தடவ படி" என்றார். படித்தேன். தலையை ஆட்டினார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"பாவம், யார் யாருக்கு ஆச்சோ" என்றார். "நம்மளது அது இல்ல."

"ஏங்க, இதேதானே? உளுந்துச் செடியப் பாத்துத்தான் நின்னிருக்கு!"

"நீதான் பாத்தியே, நான் அமுக்குனத."

கம்பெனியே தன் தப்பை ஒத்துக்கொண்டு கடிதம் போட்டிருக்கிறது. அவருக்கு அது செல்லவில்லை. என் சொல்தான் செல்கிறது. கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்தில் அவர் என்னை எவ்வளவு நம்புகிறார் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. தெரிந்துகொள்கிற இடமா அது!

"நான் பாக்கலங்க" என்றேன். "போனப் பாத்துக்கிட்டிருந்தேன். எல்லாரும் சிரிச்சாங்களா, எனக்கு வெக்கமாப் போச்சு. சும்மா சொல்லிட்டேன்."

அவர் கத்தியிருக்கலாம். கையிலிருந்த பம்ப்செட் கொட்டகைச் சாவியை எறிந்திருக்கலாம். நான் அதற்குத் தயாராகத்தான் நின்றேன். அவர் அப்படியே படியில் உட்கார்ந்தார்.

"பாக்கலையா?"

"இல்லங்க."

தரையைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்: "நான் அமுக்கலன்னு எனக்கு நல்லாத் தெரியும். அப்பவே தெரியும். ஆனா நீ பாத்தேன்னியே. அப்ப எனக்குத் தெரிஞ்சதெல்லாம் தப்பு போலருக்குன்னு விட்டுட்டேன்."

எனக்கு அழுகை வந்தது. அவர் அதைப் பார்க்காமல் எழுந்து வீட்டுக்கு எதிரே இருந்த வயலுக்குப் போனார். நான் வாசலில் நின்று பார்த்தேன். டிராக்டர் ஓட்ட வந்த ஆளை அவர் இறங்கச் சொல்லவில்லை. வரப்பில் நின்று, அவன் ஓட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு ரோட்டில் கூடி நின்றவர்கள் யார் யார் என்று ஒரு காகிதத்தில் எழுதினேன். பதினொரு பேர் நினைவுக்கு வந்தார்கள். முகம் கழுவி, வேறு புடவை கட்டிக்கொண்டு, முதலில் நர்ஸ் வீட்டுக் கதவைத் தட்டினேன்.