அரைச் சுற்று

மறுநாள் என் தம்பிக்குப் பெண் பார்க்க, எங்கள் தங்கச் சுரங்க ஊரின் இன்னொரு பகுதியான கோரமண்டலுக்குப் போவதாக இருந்தோம். அவன் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: பெண் வீட்டு வாசலில் நிற்கும்போது கார் நடுங்கக் கூடாது. காலை ஷிப்டுக்குக் கிளம்பும்போதும் அதையே சொல்லிவிட்டுத்தான் சுரங்கத்தில் இறங்கினான்.

சீமைக்குத் திரும்பிய ஒரு துரையிடம் நான் வாங்கிய பழைய கார் அது. சாவியைக் கொடுக்கும்போது அவர் சிரித்தார். அதை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். நான் இங்கிலீஷ் வாத்தியார். இன்ஜினைப் பற்றி அறிந்ததெல்லாம் புத்தகத்தில் படித்தது.

அன்று சனிக்கிழமை, பள்ளி பாதி நாள்தான். பானெட்டைத் திறந்து வைத்தேன். பக்கத்து வீட்டுக்காரர் பீடியோடு வந்து நின்றார். சுரங்க ஷாஃப்டில் ஆட்கள் போய்வரும் இரும்புக் கூண்டான கேஜை ஏற்றி இறக்கும் பெரிய இன்ஜினை ஓட்டுகிறவர் அவர்.

“இன்னாணா, தையல் மிஷினைத் தொறந்துட்டியா?”

இன்ஜினை ஓடவிட்டு, பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். எதைக் கழற்றினால் சத்தம் மாறவில்லையோ, அந்த சிலிண்டர்தான் வேலை செய்யவில்லை. முதல் இரண்டு ஒயர்களும் எனக்கு ஷாக் கொடுத்தன. மூன்றாவது கொடுக்கவில்லை, சத்தமும் மாறவில்லை. அந்த பிளக்கை எடுத்தால் ஒரே கரி. உப்புத்தாளால் தேய்த்து மாட்டினேன். நாலு சிலிண்டரும் ஓடின. ஆனாலும் லேசான உதறல் இருந்தது.

கார்புரேட்டர் ஸ்குரூவில் திருப்புளியை வைத்தேன். அவர் மட்கார்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். திடீரென்று உதறல் பலமானது.

“ஜாஸ்தியாவுதுணா. திருப்பு, திருப்பு.”

அரைச் சுற்றுத் திருப்பினேன். உதறல் நின்றது.

“பார்த்தீங்களா?” என்றேன்.

“வாத்தியார் கையே கைதான்” என்றார்.

என் மனைவி வாசலுக்கு வந்தாள். “இன்னாங்க, அலமாரியில இருந்த பாத்திரம் எல்லாம் கீழ விழுந்துச்சி.”

கார் நடுங்கினால் அலமாரிப் பாத்திரம் விழாது. பூமிக்கு அடியில் சுரங்கப் பாறை தானாக வெடித்தால் விழும். பிறந்ததிலிருந்து அந்த அதிர்விலேயே வளர்ந்த எனக்கும் அவருக்கும் அது உறைக்கவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் பீடியைக் கீழே போட்டு மிதித்தார். சொல்லிக்கொள்ளாமலே ஷாஃப்டை நோக்கி நடந்தார். நான் சோப்புப் போட்டுக் கை கழுவினேன். துடைத்துவிட்டு மறுபடியும் கழுவினேன்.

காரிலேயே போனேன். அரைச் சுற்று கூடியிருந்ததால் இன்ஜின் வழியெல்லாம் கத்தியது. ஷாஃப்ட் அருகில் கூட்டம் நின்றது. யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. கேஜ் வரும், ஆட்கள் இறங்குவார்கள், சிலர் தங்கள் ஆளோடு போவார்கள், மற்றவர்கள் நிற்பார்கள். எனக்கு அழுகை வரவில்லை, வேண்டுதலும் வரவில்லை. மூன்றாவது பிளக்கைப் புதிதாகவே வாங்கியிருக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாவது கேஜில் தம்பி வந்தான். காரில் ஏறி உட்கார்ந்தான்.

“என்னோட டிரில் மெஷின் புடிச்சவன் வரலணா” என்றான். கொஞ்ச தூரம் போனதும், “வண்டி ஏன் இப்படி கத்துது?” என்றான்.

“அரைச் சுத்து ஜாஸ்தி.”

பெண் பார்க்கப் போகவில்லை. மறுநாள் சாவு வீட்டிலிருந்து திரும்பியதும் பானெட்டைத் திறந்து அந்த அரைச் சுற்றைத் திருப்பினேன். இன்ஜின் அடங்கியது. பழைய உதறல் லேசாக வந்தது. இன்னும் சரிசெய்யலாம் என்று திருப்புளியை மறுபடி வைத்தேன்.

தம்பி மட்கார்டில் கை வைத்தபடி நின்றிருந்தான்.

“வுடுணா, இருக்கட்டும்” என்றான். “இது வண்டி உதறல்தான்னு தெரியுது.”