பெரியப்பாவின் பச்சைத் தேயிலை

அம்மாவுக்கு நெஞ்செரிச்சல் எப்போது தொடங்கியதோ, தெரியாது. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்தே, காக்ஸ் டவுன் வீட்டில் சாப்பிட்டு முடித்ததும் மார்பைத் தடவிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருப்பாள். படுத்தால் புளித்த தண்ணீர் தொண்டைக்கு ஏறிவரும்.

எனக்கு ஒன்பது வயதானபோது, குன்னூர்ப் பக்கம் எஸ்டேட்டில் குமாஸ்தாவாக இருந்த பெரியப்பா லீவில் வந்தார். ஒரு தகர டப்பா நிறையப் பச்சைத் தேயிலை கொண்டுவந்திருந்தார்.

“பால் கூடாது, சர்க்கர கூடாது. காலையில வெறும் வயித்துல குடிம்மா. எங்க துரை தெனம் இதான் குடிக்கிறாரு. வயித்த அப்படியே கழுவி உட்டுடும்.”

துரைக்கு நெஞ்செரிச்சல் உண்டா என்று யாரும் கேட்கவில்லை. அண்ணன் சொல்லிவிட்டார், அப்பாவுக்கு அது போதும்.

மூன்றாம் நாளே அம்மா அப்பாவிடம் சொன்னாள்: “இத குடிச்சா இன்னும் ஜாஸ்தியா எரியுதுங்க.”

“மருந்துன்னா அப்படித்தான் இருக்கும். அண்ணனுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிடுச்சா?”

பெரியப்பா ஊருக்குப் போன பிறகும் டப்பா தீரவில்லை. ஒரு காலை, பின்பக்கத்தில் அம்மா அந்த டீயைச் சாக்கடையில் ஊற்றுவதைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் உதட்டில் விரல் வைத்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

மாலை அப்பா வந்ததும் சொல்லிவிட்டேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. நான் பேசுவதை அப்பா காது கொடுத்துக் கேட்பதே அபூர்வம். அன்று பேப்பரை மடித்துவைத்துவிட்டுக் கேட்டார். “நீதான்டி என் பொண்ணு” என்றார்.

மறுநாளிலிருந்து அம்மா அவர் எதிரில் நின்று குடித்தாள், ஒன்றுக்கு இரண்டு டம்ளராக. இரண்டாவது டம்ளரை எடுத்துக் கொடுத்தது நான்.

பத்து நாள்கூட ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கிளம்பியவள் வாசலிலேயே ரத்தமாக வாந்தி எடுத்தாள். ஜட்கா வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வயிற்றில் புண் என்றார்கள்.

“வெறும் வயித்துல என்னம்மா குடிச்சீங்க?” என்று டாக்டர் கேட்டார்.

அப்பா தரையைப் பார்த்தார்.

“காபிதான் டாக்டர்” என்றாள் அம்மா.

டீ என்று திருத்த வாயெடுத்தேன். அம்மா என்னைப் பார்த்தாள். அப்படி அவள் பார்த்ததில்லை. வாயை மூடிக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு வந்தாள். டப்பாவை அப்பா என்ன செய்தாரோ, காணவில்லை. அதைப் பற்றிய பேச்சும் இல்லை. என்னை அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆனால் நான் அடுக்களைக்குள் காலெடுத்து வைத்தால் போதும், கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டு, “வெளிய போய் வெளயாடு கண்ணு” என்பாள். என் வயதுத் தோழிகள் எல்லாம் அவரவர் வீட்டில் அம்மாவோடு காய் நறுக்கிக்கொண்டும் பாத்திரம் தேய்த்துக்கொண்டும் இருந்தார்கள். எனக்கு மட்டும் எந்நேரமும் விளையாட்டு. வீட்டில் எனக்குச் செல்லம் கூடிவிட்டதாக அவர்களிடம் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன்.