ஒன்பது வீட்டு லைன் ஜெயித்த ஓணம்

போன வாரம் கன்றுக்குட்டிக்குக் கயிறு வாங்கக் கடைக்குப் போனேன். கடைக்காரர் தேங்காய்நார் வடம் ஒன்றைச் சுருள் பிரித்துப் போட்டார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் வந்த காரியம் மறந்து, பழைய ஓணம் ஒன்று நினைவுக்கு வந்தது.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. உரக்கடையில் பில் போடும் வேலைக்காக வடகரப்பதியிலிருந்து பாலக்காடு டவுனுக்கு வந்து, மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒன்பது வீட்டு லைனில் ஓர் அறையில் தங்கியிருந்தேன். ஒரே ஓட்டுக்கூரை, ஆனால் வாசலுக்கு வாசல் வேறு பேச்சு. காலையில் இடப்பக்கத்திலிருந்து காப்பி மணம் வரும். அது மீனாட்சி மாமி, கல்பாத்தியிலிருந்து வாடகைக்கு வந்தவர். வலப்பக்கம் சுலைகா அக்கா வீட்டில் நெய்யில் வெங்காயம் வதங்கும். கடைசி வீட்டில் ஸ்டெல்லா. மூணாறு எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளியவள், இப்போது ஆஸ்பத்திரி கேண்டீனில் வேலை. என் அறையிலிருந்து அவர்களுக்குப் போனது தீய்ந்த உப்புமா வாசனைதான்.

பக்கத்துக் காலனி மைதானத்தில் ஓணத்துக்குப் பெண்களுக்கு வடம்வலி நடக்கும். கயிறு இழுக்கும் போட்டிதான். எங்கள் லைனை மட்டும் சேர்க்கமாட்டார்கள். வேலி ஓரம் நின்று பார்க்கலாம். அந்த வருடம் ஸ்டெல்லா நேராகக் கமிட்டி செக்ரட்டரியிடம் போனாள். துணைக்கு நானும் போனேன், அவள் முதுகுக்குப் பின்னால்.

"நிங்ஙள் தமிழரல்லே? ஓணம் நிங்ஙள்க்கெந்தா?" என்றார் அவர். தமிழருக்கு ஓணம் எதற்கு என்று கேள்வி.

"மூணாறு என்ன மதுரையிலயா சார் இருக்கு? நான் பொறந்தது இங்க, ஓட்டுப் போடுறது இங்க. பேரை எழுதுங்க."

எழுதினார். சிரித்துக்கொண்டேதான் எழுதினார்.

லைன் முனைப் புளியமரத்தில் வடத்தைக் கட்டி ஏழு பேர் பழகினோம். மாமிக்கு முட்டி சரியில்லை. சத்தம் கொடுப்பது அவர் வேலை. முதல் நாள் "வலி! வலி!" என்று கத்தினார். மாமியின் தமிழில் வலி என்றால் இழு. ஸ்டெல்லா வடத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். "எங்க மாமி வலிக்குது?"

"நேக்கு ஒண்ணும் வலிக்கலைடீ! கயித்தை வலிங்கோ, எல்லாரும் ஒண்ணிச்சு!"

"இழுன்னு சொல்லுங்க மாமி, எல்லார்த்துக்கும் புரியுமுங்க" என்றேன் நான். மாமி வாயில் அது வரவில்லை.

சுலைகா அக்காதான் தீர்த்துவைத்தார்: "ஒண்ணு ரெண்டுன்னு எண்ணுங்க மாமி. அது எல்லாருக்கும் ஒண்ணுதானே?"

போட்டியன்று காலையில் மழை. எதிரே காலனி அணி; ஒரே நிறப் பனியன், புது ஷூ. போன மூன்று ஓணமும் அவர்களுக்கே. முதல் ஆட்டத்தில் மாமி எண்ணத் தொடங்குமுன் எங்களைச் சேற்றில் முகம் குப்புற இழுத்துப் போட்டார்கள். வேலி ஓரம் ஒரே சிரிப்பு. எழுந்து வீட்டுக்குப் போய்விடலாமா என்று நான் வழி பார்த்தேன்.

"செருப்பக் கழட்டுங்க எல்லாரும்" என்றாள் ஸ்டெல்லா. "தேயிலச் சரிவுல இப்படித்தான் நிப்போம். வெரல மண்ணுல குத்துங்க."

இரண்டாவது ஆட்டத்தில் அவர்களுடைய ஷூக்கள் வழுக்கின. மூன்றாவதில் இரு பக்கமும் அசையவில்லை. என் உள்ளங்கை எரிந்தது. முன்னால் நின்ற சுலைகா அக்காவின் மூச்சும் மாமியின் எண்ணிக்கையும் மட்டும் கேட்டன. ஒண்ணு, ரெண்டு. ஒண்ணு, ரெண்டு. வடம் ஒரு விரற்கடை வந்தது, பிறகு ஒரு சாண், பிறகு மொத்தமாக வந்தது. கண்ணை மூடிக்கொண்டிருந்ததால் எனக்கு ஒன்றும் தெரியாது. ஜெயித்த பிறகும் இழுத்துக்கொண்டே போய் மல்லாந்து விழுந்தேன். கண்ணைத் திறந்தபோது மாமி, முட்டியையெல்லாம் மறந்து, குதித்துக்கொண்டிருந்தார்.

பரிசு ஒரு நேந்திரன் குலை. செக்ரட்டரியே தோளில் சுமந்துவந்து லைனில் இறக்கினார். "அடுத்த கொல்லம் நிங்ஙள் ஞங்ஙளுடெ டீமில் வரணும்" என்றார். அடுத்த வருடம் நாங்கள் அவர்கள் அணியில் சேரவேண்டுமாம்.

"வரோம் சார். எங்க லைன் பேர்லயே வரோம்" என்றாள் ஸ்டெல்லா. அவருக்கும் இரண்டு பழம் கொடுத்தோம். வந்தோம்; அடுத்த வருடமும் ஜெயித்தோம்.

லைன் இப்போது இல்லை, அங்கே அடுக்குமாடி எழுந்துவிட்டது. மாமி மகனோடு சென்னைக்குப் போனார். மைதானம் ஒரு ஜவுளிக்கடையின் பார்க்கிங். ஒருமுறை அங்கே ஸ்கூட்டரை எடுக்கப்போனவள், வாட்ச்மேனிடம், "இங்கதானுங்க நாங்க ஜெயிச்சோம்" என்றேன்.

"எந்து ஜெயிச்சு, சேச்சி?"

சொல்ல ஆரம்பித்தேன். பின்னால் இரண்டு கார்கள் ஹாரன் அடித்தன. மூன்றாவது ஆட்டத்தைச் சொல்லி முடிக்காமல் நான் வண்டியை எடுக்கவில்லை.