சுவரில் அழுத நடிகை

பசறை பஸ் நிலையத்தில் இன்று யாரோ சுவரொட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். கோதுமை மாப் பசையின் புளித்த வாசனை, இடிக்கப்பட்டுவிட்ட எங்கள் நமுனுகுல தேயிலைத் தோட்டத்து லயத்து அறைக்கு என்னை இழுத்துச் சென்றது. துரை பங்களாவில் கழித்துவிட்ட சஞ்சிகைத் தாள்களைக் குளிருக்காகச் சுவரெங்கும் ஒட்டியிருந்தோம். அடுப்புப் புகையில் மற்றதெல்லாம் கறுத்துவிட, பரிசுச் சிலையை அணைத்தபடி அழும் அமெரிக்க நடிகையின் முகத்தை மட்டும் ராணி அக்கா தினமும் ஈரத்துணியால் துடைத்து வைத்திருந்தாள். அந்தப் படத்தைப் பார்த்தே, நினைத்தவுடன் சத்தமில்லாமல் கண்ணீர் விடப் பழகிக்கொண்டாள். "எங்க, அமெரிக்காக்காரி மாதிரி அழு புள்ள" என்று கொழுந்து எடுக்கும் பெண்கள் கேட்பார்கள். அவள் அழ, அவர்கள் சிரிப்பார்கள்.

ஒரு மழைக்காலக் காலையில், பெரட்டில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போது, வயிற்றைப் பிடித்தபடி நின்ற அக்காவின் கன்னத்தில் அதே கண்ணீர் சத்தமில்லாமல் வழிந்தது.

"நடிப்பெல்லாம் அந்தச் செவுத்துக்காரிகிட்ட வச்சுக்க. மலைக்கு ஏறு" என்றார் கங்காணி. பெண்கள் வழக்கம்போலச் சிரித்தார்கள்.

மதியம் அவளைக் கம்பளியில் போட்டுத் தூக்கி வந்தார்கள். பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

துக்கத்துக்கு வந்த சித்தி அந்தப் படத்தைக் கிழிக்கக் கை வைத்தாள். அம்மா தடுத்தாள்.

"இருக்கட்டும் விடு. அவளாவது அழட்டும். எனக்கு வர மாட்டேங்குது."